ஒன்றென்று சொல்லுமுன்

பெயரிடுதல் அறிவின் தொடக்கம் என்பர் பெரியோர். குழந்தை பேசக் கற்கும்போதே, இது காக்கை, இது குருவி என்று இனம் பிரிக்கவும் கற்றுக்கொள்கிறது. இனம் பிரித்தறியும் அளவுக்கே அதன் அன்பும் அச்சமும் விரிகின்றன. ஆதலின், எதை எதினின்று பிரித்து அறிகிறோம், எவற்றையெல்லாம் ஒன்றென்று கூட்டி விடுகிறோம் என்பது அறிவைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. அறத்தைப் பற்றிய கேள்வியும் ஆகும். என் வீட்டு அடுப்பங்கரையில் எழுந்த ஒரு சிறு வழக்கு இதைப் பற்றி என்னைச் சிந்திக்க வைத்தது. அச்சிந்தனையை நம் குடும்பத்தாரோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

உறவினர் ஒருவர் நோன்பை நிறைவு செய்த மறுநாள், எங்கள் இல்லத்தில் பாரணை. இனிப்புக்குச் சைனா கிராஸ் வாங்கிப் பாலில் காய்ச்சிக் கட்டியாக்கலாம் என்றாள் என் மருமகள். எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டினுக்கு மாற்றாக இது நம்மவர் வீடுகள் சிலவற்றில் புழங்குவதை அறிவீர்கள். வந்திருந்த மூத்தவர் ஒருவர், “அது கடற்பாசி அன்றோ? பாசியைச் சாதாரண வனஸ்பதியில் சேர்த்துச் சொல்வார்களே. ஓருடலில் எண்ணிலா உயிர்கள் குடியிருப்பது பாரணைக்குத் தகுமா?” என்று ஐயம் எழுப்பினார். மற்றொருவர், “காய்ச்சி, உலர்த்தி, கடைக்கு வந்த பின் அதில் உயிர் ஏது?” என்றார். பேச்சு வளர்ந்தது. தாவரவியலில் முதுகலை பயிலும் என் பேத்தி குறுக்கிட்டு, “முதலில் அது எந்தப் பாசி என்று யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டாள்.

“பாசியில் இந்தப் பாசி என்ன, அந்தப் பாசி என்ன? எல்லாம் ஒன்றுதானே” என்றேன் நான்.

அவள் என்னை எதிர்த்துப் பேசவில்லை. “எதைக் கொண்டு சொல்கிறீர்கள் பாட்டி?” என்று மட்டும் கேட்டாள். முப்பத்தெட்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று, விடை சொன்ன பிள்ளைகளை நோக்கி நான் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி அது. எனக்கு விடை இல்லை. அன்று பாயசம் வைத்துப் பந்தி முடிந்தது. கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. பின்னர் அவள் கொணர்ந்து தந்தவற்றை அவள் துணையோடு பல நாள் படித்தேன்.

கண் கண்ட கணக்கு

சைனா கிராஸ் எனப்படும் அகர், கடலில் வளரும் சிவப்புப் பாசிகள் சிலவற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. மன்னார் வளைகுடாக் கரையில் வாழும் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அத்தகையவை. கட்டக்கோரை என்று அவர்கள் அழைக்கும் பழுப்புப் பாசி வேறு தொழிலுக்குப் போகிறது. நீருக்கடியில், கலங்கிய வெளிச்சத்தில், கையால் தொட்டே அவர்கள் இவற்றை வேறுபடுத்துகிறார்கள். கரையில் அமர்ந்து எல்லாம் ஒன்று என்று சொன்னவள் நான். முதல் நாணம் எனக்கு அங்கேயே வந்தது.

அறிஞர்களும் நெடுங்காலம் கண்ணையே நம்பினர். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டி நூல் வெளியிட்டபோது, கடற்பாசிகளை உல்வா, ஃபியூகஸ், கான்ஃபெர்வா முதலிய சில பேரினங்களுக்குள் அடக்கினார். நம் நாட்டில் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார், பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கடற்றாவரங்களைப் பற்றி 1927இல் எழுதினார். நிறம், கிளைக்கும் முறை, நுண்ணோக்கியில் தெரியும் அணுவமைப்பு, வித்து உண்டாகும் இடம் ஆகியவற்றைக் கண்டு எழுதிய அவர்களுடைய உழைப்பை எவரும் குறைத்துப் பேசுதல் தகாது. பாசியின் உடலோ எளியது. அதற்குப் பூவில்லை, காயில்லை, மெய்யான வேருமில்லை. இனம் காட்டும் அடையாளங்கள் சிலவே. மேலும், அலை மோதும் பாறையில் ஒரு வடிவும், அமைதியான நீரில் வேறொரு வடிவும் கொள்ளும் பாசிகள் பல. ஆதலால் இருவகைப் பிழைகள் நேர்ந்தன. ஒன்றைப் பலவாக எண்ணியது ஒரு பிழை. பலவற்றை ஒன்றாக எண்ணியது மற்றொரு பிழை.

முதற்பிழைக்கு ஒரு சான்று சொல்வேன். கிளிஞ்சல்களின் ஓட்டைத் துளைத்து வாழும் மெல்லிய சிவப்பு இழை ஒன்றனுக்கு 1892இல் கான்கோசெலிஸ் என்று தனிப்பெயர் இட்டிருந்தனர். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கேத்லீன் டுரூ-பேக்கர் என்னும் அம்மையார், அது தனி உயிரன்று, போர்ஃபைரா என்னும் உணவுப்பாசியின் வாழ்வில் வரும் ஒரு பருவமே என்று 1949இல் நிறுவினார். ஜப்பானியர் நோரி என்று உண்ணும் பாசியின் வித்து எங்கிருந்து வருகிறது என்பது அதன்பின்னரே தெளிவாயிற்று. அங்குப் பாசி வேளாண்மை தழைத்தது. நன்றி மறவாத அந்நாட்டார் 1963இல் குமமோத்தோ மாநிலத்து ஊட்டோ என்னும் ஊரில் அம்மையாருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினர். டி.என்.ஏ. எழுத்துகளைப் படிக்கும் கருவி ஏதும் இல்லாத காலத்தில், பொறுமையொன்றையே துணையாகக் கொண்டு செய்த வேலை அது.

ஏடும் எழுத்தும்

இரண்டாம் பிழையைக் கண் மட்டும் கொண்டு தீர்க்க இயலவில்லை. பார்வைக்கு ஒன்றாகவே தோன்றும் உயிர்களை உள்ளிருந்து வேறுபடுத்த வேண்டியிருந்தது. டி.என்.ஏ. ஆய்வு இங்கேதான் துணைக்கு வந்தது.

உயிரணு ஒவ்வொன்றிலும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட ஓலை ஒன்று இருப்பதாகக் கொள்ளுங்கள். உயிர் பெருகுந்தோறும் அவ்வோலை படியெடுக்கப்படுகிறது. படியெடுப்போன் கை எங்கேனும் ஓரெழுத்தில் பிழைக்கிறது; அப்பிழை அதன் வழிவந்த படிகளிலும் தொடர்கிறது. இதனை நமக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் பல ஏட்டுச் சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கினார்; கும்பகோணத்துச் சமணர்களிடம் ஐயம் தெளிந்தார். வெளியே பார்த்தால் எல்லாச் சுவடியும் ஒரே பனையோலை, ஒரே கயிறு, ஒரே நிறம். உள்ளே பாடபேதம் உண்டு. ஒரே பிழையைத் தாங்கிய ஏடுகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர் முடிவு செய்வார். டி.என்.ஏ. ஆய்வாளரும் ஏறக்குறைய இதனையே செய்கிறார்.

கனடாவின் கேரி சாண்டர்ஸ் என்னும் பேராசிரியர், ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட ஒரு குறும்பகுதியைப் படித்தே சிவப்புப் பாசிகளை இனங்காணலாம் என்று 2005இல் காட்டினார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தாளில் ஒட்டி உலர்ந்து கிடக்கும் பழைய மாதிரிகளிலும், செல்லரித்த ஏட்டில் எஞ்சிய வரிகளைப் படிப்பது போல, சிதைந்த துணுக்குகளைப் படிக்கிறார்கள்.

இம்முறை எப்போதும் பிரித்துக்கொண்டே போகும் என்று எண்ண வேண்டா. இலை போல் விரிந்த பச்சைப் பாசியை உல்வா என்றும், குழல் போன்றதை என்டெரோமார்ஃபா என்றும் 1820 முதல் இரண்டு பேரினங்களாக வைத்திருந்தனர். 2003இல் வெளிவந்த டி.என்.ஏ. ஆய்வு, அவை இரண்டல்ல, இரண்டையும் ஒன்றில் வைத்த லின்னேயஸ் கொள்கையே சரி என்று தீர்த்தது. ஆகவே இம்முறை பிரிக்கவும் செய்யும், சேர்க்கவும் செய்யும்.

ஒரு பெயருக்குள் இருபத்தொன்று

என் மனத்தைப் பெரிதும் தொட்ட சான்று போர்ட்டீரியா ஹார்னிமன்னி என்னும் சிவப்புப் பாசி. டென்மார்க் நாட்டு லிங்பி 1819இல் இதனை முதலில் விவரித்தார். விரலளவே வளரும், தட்டையான சிறு கிளைகள், சுருண்ட நுனிகள், கையிலெடுத்தால் காரமான மணம். ஆப்பிரிக்காவின் கீழைக்கரை தொடங்கிப் பசிபிக் தீவுகள் வரை பரவிய ஒரே இனம் என்று இதனைக் கருதி வந்தனர். நம் மண்டபம் கரையிலும் இப்பெயரால் பதிவு உண்டு.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தாரும் பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்களும் அத்தீவுக் கூட்டத்தின் பல கரைகளிலிருந்து இப்பாசியைத் திரட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்களை ஒப்பிட்டனர். 2013இல் முடிவை வெளியிட்டனர். பிலிப்பைன்ஸ் ஒரு நாட்டுக்குள்ளேயே 21 இனங்கள்! அவற்றுள் பெரும்பாலானவை ஒவ்வொரு தீவுக் கூட்டத்துக்குள் அடங்கியவை. நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவுக்குள்ளேயே கடலில் புதிய இனம் கிளைக்கக்கூடும் என்று அவ்வாய்வு காட்டிற்று. கடலுக்கு வேலியில்லை, ஆதலால் கடல்வாழ் உயிர்கள் எங்கும் பரவியிருக்கும் என்று நெடுநாள் நம்பியிருந்தோம், அந்நம்பிக்கை தளர்ந்தது. 2018இல் இந்து மாக்கடலையும் பசிபிக் மாக்கடலையும் தழுவி நடந்த விரிவான ஆய்வில் இக்கணக்கு 92 ஆயிற்று. லோபோஃபோரா என்னும் பழுப்புப் பாசியின் கதையும் இதுவே. வெப்பக் கடல்களெங்கும் பெரும்பாலும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டது, மரபணு கொண்டு எண்ணியபோது நூறு இனங்களையொட்டி விரிந்தது.

எழுத்து வேறுபாட்டுக்காக ஒரு பாசியை நூறாக்குவதால் யாருக்கு என்ன பயன் என்று நீங்கள் வினவலாம். நானும் பேத்தியிடம் அவ்வாறே வினவினேன். அவள் இரண்டு செய்திகளைச் சொன்னாள்.

முதலாவது, மருந்து பற்றியது. பிலிப்பைன்சின் வடகோடியில் உள்ள பட்டானஸ் தீவுகளில் எடுத்த இந்தப் போர்ட்டீரியாவிலிருந்து ஹாலோமான் என்னும் பொருளைப் பிரித்து, அது புற்று அணுக்களைத் தாக்கும் திறனுடையது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்டனர். பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் அதே பெயருடைய பாசியை மீண்டும் வேறு வேறு இடங்களில் திரட்டியபோது, அப்பொருளின் அளவு ஒரே படியாக இல்லை. ஓரிடத்துப் பாசியில் மிக்கிருந்தது, மற்றோரிடத்ததில் குறைந்திருந்தது. பாசியின் வாழ்க்கைப் பருவம் இதற்கு ஒரு காரணம். ஒரு பெயருக்குள் பல இனங்கள் மறைந்திருந்தமை மற்றொரு காரணம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஹாலோமான் இன்றளவும் மருந்தாகவில்லை. பெயர் ஒன்றாயிருந்தால் பொருளும் ஒன்றாயிருக்கும் என்று நம்பியவர்கள் பட்ட இடர்ப்பாடு இது.

இரண்டாவது, இறப்பு பற்றியது. ஆஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகத்தில் வான்வூர்ஸ்டியா பென்னட்டியானா என்னும் வலைப்பின்னல் போன்ற அழகிய சிவப்புப் பாசி இருந்தது. 1855இலும் 1886இலும் அதனை எடுத்தனர். பின்னர் எவரும் காணவில்லை. அது அற்றுப்போயிற்று என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 2003இல் குறித்தனர். அதற்கு ஒரு பெயர் இருந்ததால் அதன் மறைவை எழுத முடிந்தது. ஆப்பிரிக்கா முதல் பசிபிக் வரை பரவியது ஒரே இனம் என்றால், ஒரு வளைகுடாவின் பாறைகள் மண்மூடிப் போவது, பெருமரத்தில் ஒரு கிளை முறிவதைப் போன்றதே. அந்த வளைகுடாவில் இருப்பது வேறெங்குமில்லாத தனி இனம் என்றால், அங்கே முறிவது அடிமரம். முறிந்தது இன்னதென்று சொல்லவும் ஆளில்லை. ‘எல்லாம் ஒன்றுதானே’ என்று நான் அடுப்பங்கரையில் சொன்ன சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்பதை அன்று நான் அறியேன்.

பெருமையும் பணிவும்

இத்தகைய செய்தியைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு ஓர் ஆவல் எழும். “பாசியில் எண்ணிலா உயிர்கள் உண்டு என்று நம் ஆகமங்கள் அன்றே சொல்லிவிட்டன, விஞ்ஞானம் இன்றுதான் கண்டுபிடித்திருக்கிறது” என்று மேடையில் முழங்கலாம். கைதட்டும் கிடைக்கும். எனக்கும் அவ்வாவல் எழுந்தது. ஆயினும் அது சரியன்று என்றே முடிவு செய்தேன்.

ஓருடலில் எத்தனை உயிர்கள் என்பது ஒரு கேள்வி. ஒரு பெயரில் எத்தனை இனங்கள் என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முன்னதை மரபணு அளக்கவில்லை, அளக்கவும் இயலாது. பின்னதை ஆகமம் பேசவில்லை. இரண்டையும் குழப்பி ஒன்றாக்குவது, நான் பாசிகளைக் குழப்பி ஒன்றாக்கியதைப் போன்ற தவறே. நம் நெறிக்குப் பெருமை தேட வேறொருவர் உழைப்பை இரவல் வாங்க வேண்டா.

ஆனால், இச்செய்தி நம் நெறியைத் தொடும் இடம் ஒன்று உண்டு. இனங்கள் இருபத்தொன்று என்பதும் இறுதியான கணக்கன்று. எத்தனை எழுத்துகள் வேறுபட்டால் தனி இனம் என்பது முன்பே வகுத்து வைத்த எல்லையன்று. ஒரு மரபணு ஒரு கதையைச் சொல்ல, மற்றொன்று சற்றே வேறுபட்டுச் சொல்வதும் உண்டு. அதனாலேயே நல்ல ஆய்வாளர்கள் பலவற்றை ஒப்பிட்டு, வடிவையும் வாழிடத்தையும் சேர்த்துப் பார்த்து, பின்னரே முடிவு கூறுகிறார்கள். மூழ்கிப் பறிக்கும் பெண்ணின் கைக்கு ஒரு பாகுபாடு. நுண்ணோக்கிக்கு ஒரு பாகுபாடு. மரபணுவுக்கு ஒரு பாகுபாடு. நம்மவர் இவற்றை நயங்கள் என்பர்.

அனேகாந்தம் என்றால் எல்லார் கூற்றும் சரி என்று சமாதானம் செய்து வைப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். அஃதன்று. ஒரு நிலையிலிருந்து கண்டதை அந்நிலைக்கு உண்மை என்று சொல்வது நயம். ‘இதுவே முழுமை, வேறில்லை’ என்று கதவடைப்பது நயாபாசம். ‘என் கண்ணுக்கு இவை ஒன்றாகத் தெரிகின்றன’ என்று நான் சொல்லியிருந்தால் அது மெய். ‘எல்லாம் ஒன்றுதானே’ என்றது பொய். இரண்டுக்கும் இடையே உள்ளவை சில சொற்களே. ஆனால் அறத்தில் அவை பெரிய இடைவெளி.

அறியாமையும் அசட்டையும்

இனி, இக்கட்டுரையின் உள்ளீடான கேள்விக்கு வருகிறேன். அறியாமல் செய்த தீங்கு தீங்காகுமா?

கருவியில்லாத காலத்தில் லிங்பி இருபத்தொன்றை ஒன்றென்று எழுதினார் என்றால் அது குற்றமன்று. அவர் கண்டதைக் கண்டபடி எழுதினார். அறிய வழி வந்த பின்னும் அறிய முயலாமலிருப்பது வேறு. நம் நூலோர் இம்சையை விளக்கும்போது பிரமாதம் என்னும் சொல்லை முன்வைப்பர். கவனமின்மை, அசட்டை என்று அதனைப் பொருள் கொள்ளலாம். அறியாமை தானே குற்றமாவதில்லை. ‘அறிய வேண்டுவதில்லை’ என்னும் அசட்டை அதனைக் குற்றமாக்குகிறது. இதனை நான் நூலிலிருந்து கற்றேன் என்று சொல்லமாட்டேன். நானே ஒரு பிழை செய்து கற்றேன்.

1974ஆம் ஆண்டு. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் இரட்டைப் பெண்கள் இருவர். ஒரே முகம், ஒரே பாவாடை, ஒரே பின்னல். இருவரையும் “இரட்டையே” என்றுதான் கூப்பிடுவேன்; யார் திரும்பினாலும் எனக்கு ஒன்றே. சேர்ந்து அமர்ந்தால் பார்த்து எழுதுகிறார்கள் என்று எண்ணி இருவரையும் வேறு வேறு வரிசையில் அமர்த்தினேன். அன்று முதல் ஒருத்தி கணக்கில் பிழையாகவே எழுதினாள். கரும்பலகையில் இருந்த எண் வேறு, அவள் சிலேட்டில் இருந்த எண் வேறு. “ஒரே வயிறு, ஒரே சோறு. அவளுக்கு வருவது உனக்கு மட்டும் ஏன் வரவில்லை?” என்று கேட்டுக் கையை நீட்டச் சொல்லி அடித்தேன். ஒரு முறையன்று.

மறு ஆண்டு ஊருக்குக் கண் மருத்துவ முகாம் வந்தது. அப்பெண்ணுக்குத் தூரப் பார்வை மிகக் குறைவு என்று தெரிந்தது. பலகையில் நான் எழுதியது அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. உடன்பிறந்தவளின் சிலேட்டைப் பார்த்தே எழுத்தறிந்து வந்திருக்கிறாள். அந்த ஒரு வழியையும் நான் அடைத்துவிட்டு அடித்தேன்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் கல்வி உளவியல் பாடத்தில் ‘தனியாள் வேறுபாடுகள்’ என்றொரு தலைப்பு உண்டு. தேர்வில் அவ்வினாவுக்கு நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவள் நான். எனக்கு அறிய வழி இருந்தது. கருவியும் வேண்டியிருக்கவில்லை. “உனக்குப் பலகை தெரிகிறதா?” என்னும் ஒரு கேள்வி போதும். இருவரும் ஒன்று என்று முடிவு செய்துவிட்டதால் அக்கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அவளிடம் பின்னரும் நான் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆசிரியை மாணவியிடம் அவ்வாறு சொல்லும் வழக்கமில்லை என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன்.

ஆண்டுதோறும் க்ஷமாவாணி நாளில் எல்லா உயிர்களிடத்தும் பொறுத்தருள வேண்டுகிறோம். ஓரறிவுயிர் முதலாக எல்லாவற்றையும் நினைக்கிறேன். அப்போதெல்லாம் அச்சிறுமியும் நினைவுக்கு வருகிறாள். அவ்விருவர் பெயர்களும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் எந்தப் பெயர் எவளுடையது என்று இன்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. யாரை நோக்கி மன்னிப்புக் கேட்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை.

நம்மால் இயல்வது

இல்லறத்தார்க்கு ஓரறிவுயிர்களுக்கு ஊறு செய்யாமல் வாழ்தல் இயலாது. அதனாலன்றோ நமக்கு அணுவிரதம் வகுக்கப்பட்டது? பாசி பறித்துப் பிழைக்கும் கடற்கரைப் பெண்களைப் பழிப்பதும் என் கருத்தன்று. அவர்கள் தாம் பறிப்பதை நம்மினும் நன்கறிவார்கள். உலகின் பாசிகளையெல்லாம் நாம் பெயர் சொல்லி அறிய வேண்டும் என்பதுமில்லை. அது கற்றவர்கள் தொழில். அவர்கள் வாழ்நாள் போதாத தொழில்.

நம்மால் இயல்வது ஒன்று உண்டு. ஒன்றென்று சொல்லுமுன், ‘நான் கண்ட அளவில்’ என்னும் சொற்களைச் சேர்த்துக்கொள்ளலாம். வாயால் சேர்க்கப் பழகினால் மனமும் பழகும். கடற்கரைக்குப் போகும் பிள்ளைகள் பாறையில் ஒட்டிய பசுமையைக் காலால் தேய்க்கும்போது, “பாசி வழுக்கும், விலகி வா” என்று மட்டும் சொல்லாமல், “எத்தனை வகை இருக்கிறது, எண்ணிப் பார்” என்று சொல்லலாம். எண்ணத் தொடங்கிய பிள்ளை தேய்ப்பதை நிறுத்திவிடும் என்பது என் ஆசிரிய அனுபவம். பாசிகளுக்குச் சொல்வது மனிதர்க்கும் பொருந்தும். ‘அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் இப்படித்தான்’, ‘இக்காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுதான்’ என்று எத்தனை முறை பேசுகிறோம்! எதைக் கொண்டு சொல்கிறோம்?

பாரணையில் எழுந்த வழக்கு என்னாயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். உண்ணத் தகுமா தகாதா என்பதைக் கற்றறிந்த பெரியோரும் துறவியரும் சொல்லட்டும், எனக்கு அத்தகுதியில்லை. அண்மையில் மருமகள் கடையில் வாங்கிவந்த சைனா கிராஸ் பொட்டலத்தை என் பேத்தி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பாசி என்று அதில் அச்சிடப்படவில்லை. “என்ன பாட்டி, எல்லாம் ஒன்றுதானே?” என்று சிரித்தாள்.

“எனக்குத் தெரியாது அம்மா” என்றேன். எழுபது வயதுக்கு மேல் ஆசிரியை ஒருத்தி தன் பேத்தியிடம் இதனைச் சொல்வதற்கு நாணப்பட வேண்டியதில்லை என்று அன்று தெரிந்தது. 1974இல் அந்த வகுப்பறையில் இதே சொல்லை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தால், ஒரு குழந்தையின் கை வலித்திருக்காது.